பல் பிடுங்கும் முன்பே மாமல்லபுரம்

ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து பல் வைத்தியத்துக்குச் சென்னை போகிறவர்கள் ஊர் சுற்றுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து, எத்தனை தடவை வர வேண்டும் என்று கேளுங்கள். மாமல்லபுரம் போவதானால் பல் பிடுங்கும் முன்பே போய் வந்துவிடுங்கள். பிடுங்கிய பின் 24 மணி நேரம் வாயை வேகமாகக் கொப்பளிக்கவோ ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சவோ கூடாது. புண்ணை மூடிய இரத்தக்கட்டு கழன்றால் வலி தாங்க முடியாது.

நம் குளிருக்குப் பழகிய உடம்புக்கு மே மாத வெயில் பெரும் பாடு. ஜனவரிதான் தோது.

இம்ப்ளான்ட் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் திருகு) என்றால் தாடை எலும்போடு அந்தத் திருகு சேர பெரும்பாலும் 3 முதல் 6 மாதமாகும். அதன் மேல் கேப் (பல் வடிவ மூடி) போட மறுபடி போகும்போது காஞ்சிபுரம் பார்க்கலாம். எக்ஸ்ரே, மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள். இங்கே வந்து வலித்தால் நம்மூர் டாக்டருக்கு அவை வேண்டும்.