குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு இன்னொரு குழந்தை: குழாயை இணைப்பதா, ஐவிஎஃப்பா?

ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. என்னிடம் யார் வந்து கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்து வரச் சொல்வேன். நாகப்பட்டினம் பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக நின்றவள் நான். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மாருக்குக் குழாய் இணைப்பு ஆபரேஷனை, அதாவது முட்டை வரும் கருக்குழாயைத் திரும்பச் சேர்ப்பதை, அரசு இலவசமாகச் செய்து தந்தது. "இதைத் திரும்பச் சேர்க்க முடியுமா சிஸ்டர்?" என்று அப்போது கேட்காத நாளில்லை. இப்போதும் கேட்கிறார்கள், முக்கால்வாசி மறுமணம் செய்தவர்கள்.

எப்படிச் செய்தார்கள் என்று சீட்டில் பாருங்கள். லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வது) ரிங்கோ கிளிப்போ போட்டிருந்தால் குழாயில் கொஞ்சம்தான் வீணாகியிருக்கும். பிரசவத்தோடு வெட்டிக் கட்டியிருந்தாலும் பல சமயம் இணைக்கலாம். கரன்ட் வைத்துச் சுட்டிருந்தால் சேதம் அதிகம். முட்டையை வாங்குகிற விரல் போன்ற நுனியையே எடுத்துவிட்டிருந்தால் பேச்சே இல்லை, ஐவிஎஃப்தான்; அதாவது முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்து, உருவான கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது. இணைத்த பின் குழாய் நான்கு சென்டிமீட்டராவது மிஞ்சுவது நல்லது. சீட்டு தொலைந்திருந்தால், செய்த ஆஸ்பத்திரியில் பதிவேட்டைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

அடுத்து வீட்டுக்காரருக்கு விந்தணுப் பரிசோதனை. "எனக்குத்தான் ஏற்கெனவே பிள்ளை இருக்கே" என்பார். இருக்கட்டும். அணுக்கள் மிகக் குறைவென்றால் குழாயை எவ்வளவு அழகாகத் தைத்தும் பயனில்லை. ஒரு சின்ன டப்பாவில் முடிகிற சோதனையை விட்டுவிட்டுப் பெண் வயிற்றைத் திறப்பது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் வயது. 35க்குள் இருந்து, ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவும் நன்றாக இருந்தால் நான் ஆபரேஷன் பக்கம்தான். ஒருமுறை இணைத்துவிட்டால் மாதாமாதம் வாய்ப்பு உண்டு, அடுத்த குழந்தைக்குத் தனிச் செலவும் இல்லை. 38, 40ஐத் தொட்டுவிட்டால் கதை வேறு. தைத்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்க முட்டைக்கு நேரமில்லை. ஐவிஎஃப்பில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, முட்டை எடுப்பது, கருவை வைப்பது என்று ஒவ்வொரு சுற்றுக்கும் தனி பில். 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, ஐவிஎஃப் செய்யப் பெண் 50 வயதுக்குள்ளும் ஆண் 55க்குள்ளும் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் என்று முடிவானால் டாக்டரிடம் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: "வருடத்துக்கு எத்தனை பேருக்கு இணைக்கிறீர்கள்?" இது கைப்பழக்கம். பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வழியே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். முடிந்ததும் கர்ப்பப்பை வழியாக நீல மருந்தைச் செலுத்துவார்கள். குழாய் நுனியில் அந்த நீலம் சொட்டினால்தான் எங்களுக்கெல்லாம் மூச்சு வரும்.

நாள் தள்ளிப்போனால் ஊருக்குச் சொல்லும் முன் ஸ்கேனுக்குப் போங்கள், ஆறாவது வாரத்திலேயே. தைத்த குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் என்று எது வந்தாலும், நடு ராத்திரி ஆனாலும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். அந்தச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.