தாணே உப்பங்கழிப் பூநாரைகள்: ஓதம் பார்த்துக் கிளம்புங்கள்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் தமிழர்கள் பூநாரை பார்க்கக் கோடியக்கரை வரை போக வேண்டியதில்லை. ஐரோலி பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் இடையே 1690 ஹெக்டேர் உப்பங்கழி 2015 முதல் பூநாரைச் சரணாலயம். 2022இல் ராம்சர் தலமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஆனது. டிசம்பர் முதல் மே வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் மேயும். இருந்தும் பலர் ஏமாந்து திரும்பக் காரணம், விடுமுறை பார்த்துக் கிளம்புகிறார்கள், ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றம், பார்ப்பதில்லை.

பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்று நீரிலுள்ள பாசியை அலகால் வடிகட்டித் தின்னும். முழு வற்றத்தில் சேறு வெகுதூரம் திறந்துவிடுவதால் கூட்டம் சிதறி, தொலைவில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். முழு ஏற்றத்தில் மேய்ச்சல் தரையே மூழ்கிவிடும். பறவைகள் நவி மும்பையின் நெருல், சீவுட்ஸ் பக்கத்துக் குளங்களுக்குப் போய் ஓய்வெடுக்கும். கரையிலிருந்து பார்க்க ஏற்ற வேளை, நீர் ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து. ஏறும் நீரே பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

ஓத நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது ஆறு மணி நேரம் ஆகிவிடும். போன ஞாயிறு காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால், இந்த ஞாயிறு அதே வேளை வற்றமாக இருக்கும். நண்பர் சொன்ன நேரத்தை நம்பாமல் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். மும்பை அட்டவணை தென் மும்பைக் கரையிலுள்ள அப்போலோ பந்தருக்கானது. உப்பங்கழியின் உள்ளே இருக்கும் ஐரோலிக்கு நீர் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் 4 மீட்டரைத் தாண்டும். அந்த நாட்களில் சேற்றுக் கரையில் காத்திருப்பதைவிட, ஏற்ற நேரத்தில் நெருல் குளங்களுக்குப் போவது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சத்தையும் யோசியுங்கள். சரணாலய எல்லைக்குத் தெற்கே உள்ள சிவ்டி, உப்பங்கழியின் மேற்குக் கரையில் இருக்கிறது. காலையில் வெயில் கண்ணில் அடித்துப் பறவைகள் கருநிழலாகிவிடும். அங்கே பிற்பகல்தான். ஐரோலி கிழக்குக் கரையில் இருப்பதால் காலைக்குப் பொருத்தம். ஐரோலியில் உள்ள கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து படகு உண்டு. போதிய நீர் இருந்தால்தான் ஓடும் என்பதால் நேரம் நாளுக்கு நாள் மாறும்; முன்பதிவு செய்துவிட்டே போங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் போதும். ஆடும் படகில் அதற்கு மேல் உருப்பெருக்கம் இருந்தால் காட்சி நிலைக்காது.

இங்கே பெரும்பான்மை சிறு பூநாரை: உயரம் 80-90 செ.மீ., அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு. பெரும் பூநாரை அதைவிட நன்றாக உயரம்; அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல, குஞ்சுப் பருவம் தாண்டிய இளம்பறவைகள். இளஞ்சிவப்பு நிறம் உணவிலுள்ள கரோட்டினாய்டு என்ற நிறமியிலிருந்து மெல்லச் சேர்கிறது.

எண்ணுவதற்கு, முதலில் 20 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த அகலத்தை மனத்தில் அளவாக வைத்துக்கொண்டு, கூட்டம் முழுவதும் எத்தனை அளவு என்று பெருக்குங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். நீர் வேகமாக ஏறும்போது கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே பறவை இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். காலில் வண்ண வளையம் தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய தகவல் அது. அதை வீணாக்கக் கூடாது.

மேய்ந்துகொண்டிருந்த கழுத்துகள் ஒருசேர நிமிர்ந்தால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்து எல்லாம் ஒரே திசையில் நடக்கும், அதற்கடுத்துப் பறக்கும். நிமிரும்போதே நில்லுங்கள். படத்துக்காகப் படகை இன்னும் நெருக்கச் சொல்லாதீர்கள். ட்ரோன் அறவே வேண்டாம்.

கண்டல் (அலையாத்தி) காட்டுத் துப்புரவுக்குப் போகிறவர்கள் வனத்துறையின் கண்டல் பிரிவு அனுமதியோடு, ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் அணிந்து, வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் திரும்பியதும் வெளியே வந்துவிட வேண்டும். சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள். அவற்றில் சுற்றிய பிளாஸ்டிக்கை இழுத்தால் வேரும் முறிந்து வரும். கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.