மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு சாவி

பன்னிரண்டு கட்டில் கொண்ட புற்றுநோய்க் காப்பகம் எங்களுடையது. மருந்தாளுநர் நான் ஒருத்திதான். கடும் வலியைத் தணிக்கும், ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மார்ஃபின் மாத்திரையை மருத்துவமனையில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்குவது எப்படி என்று கேட்பவர்கள், பாதிப்பேர் கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கள்ளக் கடத்தலா செய்யப்போகிறோம்?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தும்வரை பாடு பெரும்பாடுதான். கலால் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்று நான்கைந்து உரிமங்கள் வேண்டும். கடைசி உரிமம் வந்து சேர்வதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் போனால் போதும். 3எஃப் படிவத்தில் விண்ணப்பியுங்கள். அங்கீகாரம் மருத்துவமனையின் பெயருக்குத்தான் வரும். ஆனால் வலி தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது உங்களிடம் இருக்கவேண்டும். அந்தப் பயிற்சிச் சான்றிதழின் நகலை முதலில் தேடி எடுத்து வையுங்கள். அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

பலரும் சறுக்குவது அடுத்த ஆண்டின் தேவையைக் கணக்கிடுவதில். அந்தக் கணக்கை 3ஜே படிவத்தில் நவம்பர் 30-க்குள் கொடுக்கவேண்டும். முதல் ஆண்டு, பெரிய எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து குறைத்து எழுதினேன். அக்டோபரில் டப்பா காலி. ஆறாம் கட்டில் கொத்தனார் தாத்தா இரண்டு இரவு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்; படுத்தால் வலி. கூடுதலாகத் தேவைப்பட்டால் ஆண்டின் இடையில் துணை மதிப்பீடு அனுப்பலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. கணக்கு எளிதுதான்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாத்திரை என்றால் நாளுக்கு ஆறு, ஒருவருக்கு மாதம் 180. இதைப் பன்னிரண்டு மாதத்தாலும் உங்கள் நோயாளிகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி, கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள்.

மாத்திரைகளின் வரவும் செலவும் அன்றன்றே 3எச் பதிவேட்டில் ஏறவேண்டும். ஆண்டுக் கணக்கை மார்ச் 31-க்குள் 3ஐ படிவத்தில் அனுப்பவேண்டும். எண் தவறினால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி.

எங்கள் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றொன்று தலைமைச் செவிலியர் அக்காவிடம். ஓர் இரவு ஒரு மாத்திரை குறைந்தது. இருவரும் சாப்பிடாமல் பதினொரு மணிவரை தேடினோம். அட்டையிலிருந்து பிதுங்கி விழுந்து, பதிவேட்டின் தையல் மடிப்பில் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து பதிவேட்டை ஒரு முறை உதறிவிட்டுத்தான் மூடுகிறோம்.