பெட்டி யார் கைக்குப் போகும்? பால்புதுமையினர் வரலாற்றைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கள் ஊர்ப் பால்புதுமையினரின் (குயர் மக்களின்) வரலாற்றைச் சேகரிக்க இப்போது நிறைய இளைஞர்கள் முன்வருகிறார்கள். மூத்த திருநங்கைகள், வயதான தன்பாலீர்ப்பாளர்கள், பேரணிகளுக்குப் பதாகை எழுதியவர்கள் என்று தேடிப்போய்ப் பேசுகிறார்கள். பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கெல்லாம் இடறினோமோ, அங்கேயேதான் இவர்களும் இடறுகிறார்கள். பேட்டரி தீர்ந்துபோவது, மைக்கை மறந்துவிட்டுப் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகவே வந்துவிடும். பட்ட பிறகும் சரிசெய்ய முடியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

துயரத்தை மட்டும் கேட்பது

வீட்டில் எப்போது சொன்னீர்கள், அடித்தார்களா, போலீஸ் பிடித்ததா. இத்துடன் பல பேட்டிகள் முடிந்துவிடுகின்றன. எதிரில் இருப்பவர் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்தவர். யாரோடு குடியிருந்தார், வாடகைக்கு வீடு கேட்கும்போது இருவரும் என்ன உறவு என்று சொல்லிக்கொண்டார்கள், காய்ச்சலில் கிடந்தபோது யார் வந்து பார்த்துக்கொண்டார்கள், எந்தச் சண்டையில் யாரோடு பேச்சை நிறுத்தினார் என்றும் கேளுங்கள். போலீஸ் வழக்குக்காவது எங்கோ ஒரு கோப்பு இருக்கலாம். இந்தச் செய்திகள் அவர் சொன்னால்தான் உண்டு.

பெயர் பெற்றவர்களை மட்டும் தேடுவது

லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் என்ற காப்பகம் 1974-இல் நியூயார்க்கில் தொடங்கியது. பல ஆண்டுகள் ஒரு குடியிருப்பில்தான் இயங்கியது. தன்பாலீர்ப்புள்ள எந்தப் பெண்ணின் வாழ்க்கையும் காக்கத்தக்கது என்பதுதான் அதன் கொள்கை; புகழையோ படிப்பையோ பார்ப்பதில்லை. அதையே பின்பற்றுங்கள்.

'எனக்கப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான்' என்பதை நம்பிவிடுவது

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் குழு, வயதான ஒரு பெண்மணியிடம் பல மாதங்கள் போய்வந்து அழகாகப் பதிவு செய்தது. அவர் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. மறைந்த துணைவியின் கடிதங்கள், நாட்குறிப்புகள், தோழிகள் கூடிய நாட்களின் புகைப்படங்கள் எல்லாம் அதில் இருந்தன. 'எனக்கப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான்' என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். இவர்களும் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டிவிட்டு வருவார்கள். ஒரு துண்டுத் தாளில்கூட யாரும் எழுதி வாங்கவில்லை. அவர் இறந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத உறவினர்கள் வந்து வீட்டைப் பூட்டினார்கள். குழுவினர் வாசலில் நின்று கேட்டபோது, குடும்ப மானம் போகும் என்று எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். துணைவியின் குரல் எங்கும் பதிவாகவில்லை. அவருடையது என்று இருந்தவை அந்தக் கடிதங்கள் மட்டும்தான்.

பெரிய பெயர்களுக்கும் இதே கதிதான். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காகப் போராடிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லினில் நடத்திய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6-இல் நாஜிகள் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். இது பலருக்கும் தெரியும். மிஞ்சியவற்றின் கதை அவ்வளவாகத் தெரியாது. 1935-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் இறந்த பிறகு, அவருடைய மாணவரும் துணைவருமான லீ ஷியு டாங் அவர் விட்டுச்சென்ற சில பொருட்களைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார். 1993-இல் லீ கனடாவின் வான்கூவரில் இறந்தார். அந்தப் பொருட்கள் குப்பைக்குப் போயின. அதே கட்டடத்தில் இருந்த ஒருவர் கண்ணில் பட்டு அவர் எடுத்து வைத்ததால்தான், பின்னாளில் அவை பெர்லினில் ஹிர்ஷ்ஃபெல்ட் பெயரில் இயங்கும் சங்கத்திடம் போய்ச் சேர்ந்தன. உங்கள் ஊர்ப் பெட்டிக்கு அப்படி ஒருவர் கிடைப்பாரா?

'சாவைப் பற்றிப் பேசினால் மனம் புண்படும்' என்று இளைஞர்கள் தயங்குகிறார்கள். எய்ட்ஸ் காலத்தில் நண்பர்களை வரிசையாக அடக்கம் செய்தவர்கள் அந்த மூத்தவர்கள். இந்தப் பேச்சை எடுக்க உங்களைவிட அவர்களுக்குத்தான் துணிவு அதிகம். இரண்டாவது சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

முடிந்தால் அவர் உயிரோடிருக்கும்போதே கைமாற்றிவிடுங்கள். உயிலில் எழுதினால் போதும் என்று இருக்காதீர்கள். உயிலை யாராவது எடுத்துப் படிப்பதற்குள் அறை காலியாகிவிடும். பெட்டியைப் பிரிய மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். எதுவானாலும் பட்டியல், தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள் வேண்டும். எதை உடனே காட்டலாம், எதை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், எதை அழித்துவிட வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்து எழுதுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துத்தான் ஆக வேண்டும். அது அவர் வாழ்க்கை. கடிதத்தைப் பெற்றவர் தாளைத்தான் தர முடியும், அதை அச்சிடும் உரிமை பெரும்பாலான நாடுகளில் எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் போனையும் மின்னஞ்சலையும் யார் திறப்பது என்றும் கேளுங்கள். இன்றைய டிரங்குப் பெட்டி அதுதான்.

'யாருக்கும் தெரியாது' என்று வாக்குக் கொடுப்பது

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்டவர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் இறக்கும்வரை வெளிவராது என்று உறுதி சொல்லியிருந்தது. 2011-இல் பிரிட்டன் போலீஸ் விசாரணைக்காக அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கேட்டுச் சம்மன் அனுப்பியது. வழக்காடியும் சில பதிவுகள் கைமாறின. நம் ஆட்களைக் குற்றவாளியாக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆபத்தான செய்தி வரப்போகிறது என்று தெரிந்தால் பதிவை நிறுத்துங்கள். பதிவாகாததை யாரும் பறிக்க முடியாது.

கூட்டுப் படத்தில் சிரிக்கும் மற்றவர்களிடமும் சம்மதம் வேண்டும். படத்தைத் தந்தவரின் சம்மதம் அவருக்கு மட்டும்தான்.

புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குவது

படம் சுருங்கும், எடுத்த தேதி போய்விடும். வேண்டாம்.

சமூக ஊடகப் பக்கத்தையே காப்பகம் என்று நினைப்பது

ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. யாகூ குரூப்ஸ் என்ற மின்னஞ்சல் குழுத் தளம் 2020 டிசம்பர் 15-இல்.

ஆல்பத்தைப் பிரித்து வரிசையைக் கலைப்பது

ஒட்டியவர் வைத்த வரிசையும் ஒரு செய்திதான். முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள், அப்புறம் தொடுங்கள். படத்தின் பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் ஓரத்தில், மெல்லிய பென்சிலால்.