சென்னை மொட்டை மாடிக்குப் பேரியம் சல்ஃபேட் குளிர்பூச்சு: கலக்கும் முறையும் அடிக்கும் முறையும்

வெயிலில் கிடந்தும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் பரப்பு ஒன்றை 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுயி ஃபேனும் செய்து காட்டினார்கள். வெள்ளியின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி ஏழு அடுக்குகளாகப் படிந்த அந்தத் தகடு, நேர் வெயிலில் காற்றைவிட 4.9 டிகிரி செல்சியஸ் தணிந்து நின்றது. கூரை முழுக்கப் போடக்கூடிய பொருள் அல்ல அது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் படிப்படியாகப் பெயின்ட் பக்கம் நகர்ந்தன. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஷியூலின் ருவான் குழு 2020-இல் கால்சியம் கார்பனேட்டும் அக்ரிலிக்கும் சேர்த்து 95.5 சதவீத சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும் பூச்சைச் செய்தது; 2021-இல் பேரியம் சல்ஃபேட்டை வைத்து 98.1 சதவீதம் வரை போனது. இரண்டாவதில் உள்ள மூலப்பொருள் இரண்டுமே பாரிமுனையில் கிடைப்பவை என்பதால், இங்கே ஒரு மொட்டை மாடியில் அதைச் செய்வது எப்படி என்று முழுதாகச் சொல்லலாம்.

பூச்சுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, வெயிலை உள்ளே விடாமல் திருப்புவது. மற்றொன்று, தன் சூட்டை 8 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்புவது. அந்த அலைநீளத்தில் காற்று மண்டலம் கதிரை அதிகம் தடுப்பதில்லை. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். 85 சதவீதம் திருப்பும் நல்ல வெள்ளைப் பெயின்ட் 150 வாட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது. 98 சதவீதம் திருப்புவது 20 வாட்தான் வாங்குகிறது. வறண்ட வானத்துக்கு ஒரு பரப்பு அனுப்பக்கூடிய சூடு 100 வாட் அளவில் இருக்கும். 150 வாங்கி 100 அனுப்பினால் மிச்சம் சூடு, 20 வாங்கி 100 அனுப்பினால் மிச்சம் குளிர்ச்சி. இந்த ஆய்வுகள் கடைசிச் சில சதவீதங்களுக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டன என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

கடை வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். பேரியம் சல்ஃபேட் விழுங்காது. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.64 தான், அக்ரிலிக்கின் எண் 1.49. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் ஒளி சரியாகச் சிதறாது. அதனால்தான் பர்டூ குழுவினர் உலர்ந்த படலத்தின் கனஅளவில் 60 சதவீதம் தூளே இருக்கும்படி அடைத்தார்கள், 0.4 மில்லிமீட்டர் தடிமன் வைத்தார்கள். சாதாரணப் பெயின்டில் கொஞ்சம் தூளைக் கலந்து இரண்டு கோட் அடித்தால் இந்தப் பலன் வராது.

சென்னைக்கு ஒரு நேர்மையான எச்சரிக்கை. காற்றில் உள்ள நீராவி அந்த 8–13 மைக்ரான் வழியை அடைக்கிறது. மே மாதக் கடலோரப் புழுக்கத்தில் வானத்துக்குப் போகும் சூடு பாதியாகவும் குறையலாம். ஆகவே காற்றைவிடக் குளிர்ந்த தளத்தை இங்கே தினமும் எதிர்பார்க்க வேண்டாம்; வெயிலைத் திருப்புவதில்தான் பெரும் லாபம். அன்றைய வானம் எப்படி என்பதை அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியாலேயே பார்க்கலாம், அது அளப்பதும் ஏறத்தாழ அதே அலைநீளத்தில்தான். சூரியனைத் தவிர்த்து, நேர் மேலே வானத்தைக் குறிவையுங்கள். காற்றைவிட வெகுவாகக் குறைந்த எண் வந்தால் நல்ல நாள். காற்றின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் வந்தால் மேகமோ ஈரமோ மூடியிருக்கிறது. துப்பாக்கி ரிச்சி தெருவில் கிடைக்கும். மலிவானவற்றில் உமிழ்வு எண் (பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக விடுகிறது என்பது) 0.95 என்று நிலையாக இருக்கும். பெயின்டுக்கு அது பொருந்தும், பளபளக்கும் உலோகத் தகட்டுக்குப் பொருந்தாது.

தூள் வாங்குவது

இரண்டு வகை உண்டு. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் தோண்டியெடுக்கும் பேரைட் கனிமத்தை அரைத்த தூள் மலிவு, ஆனால் இரும்புக் கலப்பால் பழுப்போ சாம்பலோ கலந்திருக்கும். எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கு அது போதும், நமக்கு உதவாது. வீழ்படிவாகத் தயாரித்த பேரியம் சல்ஃபேட்டைக் கேளுங்கள். வியாபாரிகள் பிளாங்க் ஃபிக்ஸ் என்றும் சொல்வார்கள். துகள் அளவு ஒரு மைக்ரானுக்குக் கீழே இருக்கட்டும். பர்டூ பூச்சில் சராசரி 0.4 மைக்ரான், அளவுகள் ஒரே சீராக இல்லாமல் கலந்திருந்ததும் அவர்களுக்கு உதவியது, வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவுத் துகள்கள் சிதறடிக்கின்றன.

மூட்டையில் சல்ஃபேட் என்றுதான் எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பேரியம் சல்ஃபேட் நீரில் கரையாதது, எக்ஸ்ரே எடுக்கக் குடிக்கக் கொடுப்பது. பேரியம் கார்பனேட் பார்க்க அதே வெள்ளைத் தூள். ஆனால் எலி விஷம். ஒரு சிட்டிகைத் தூளில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது கார்பனேட், அல்லது சுண்ணாம்புத் தூள் கலந்தது. எதுவானாலும் கையால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து எடைச் சோதனை. அளவு ஜாடியில் 500 மி.லி. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, 450 கிராம் தூளைப் போட்டு, குமிழி போகும்வரை கலக்கி அரை மணி வையுங்கள். மட்டம் 600-க்கு வந்தால் சரக்கு சுத்தம். சுண்ணாம்புத் தூளானால் 665 தாண்டிப் போகும்.

தூளை ஒட்டிப் பிடிக்கும் பைண்டராகச் சுத்த அக்ரிலிக் எமல்ஷன், 50 சதவீதத் திடப்பொருள் உள்ளது வேண்டும். ஸ்டைரீன் அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் வெயிலில் மஞ்சளிக்கும். மஞ்சளித்தால் இவ்வளவு உழைப்பும் வீண்.

அளவு

100 சதுர அடிக்கு, உலர்ந்த தடிமன் 0.4 மி.மீ., கனஅளவில் தூள் 60 சதவீதம்: பேரியம் சல்ஃபேட் 10 கிலோ, எமல்ஷன் 3.4 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட் (தூள் கட்டியாகாமல் பிரிய) 40 கிராம், ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ் (கலவை கெட்டிப்பட) 20 கிராம், நுரைக்கொல்லி 20 மி.லி.

இந்தக் கலவையில் பைண்டர் குறைவு, துகள்களுக்கு நடுவே நுண்ணிய காற்றிடைவெளிகள் நிற்கும். ஒளியைச் சிதறடிக்க அந்த இடைவெளிகளும் கைகொடுக்கின்றன. அதே காரணத்தால் படலம் பலவீனம். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும், நடந்தால் தேயும், தண்ணீரை உறிஞ்சும். யாரும் ஏறாத மாடிப்படி அறைத் தளத்துக்கும் தொட்டித் தளத்துக்கும் 60 சதவீதம் சரி. ஆள் நடமாடும் மாடிக்கு 50 சதவீதமே போடுங்கள்: தூள் 8.4 கிலோ, எமல்ஷன் 4.3 கிலோ. கொஞ்சம் எதிரொளிப்பு குறையும். ஒரு மழைக்காலத்தில் உரிந்துபோகும் 98-ஐவிட நான்கு வருடம் நிற்கும் சற்றுக் குறைந்த எண் மேல்.

கலப்பது

தூசி முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாளே செல்லுலோஸை ஒரு லிட்டர் தண்ணீரில் தூவி ஊறவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், பிறகு உடையாது. மறுநாள் மீதி இரண்டு லிட்டரில் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட்டைக் கரைத்து, நுரைக்கொல்லியில் பாதியை விட்டு, டிரில் மெஷினில் மாட்டிய கலக்கியால் சுற்றிக்கொண்டே தூளை ஒரு கிலோ ஒரு கிலோவாகச் சேருங்கள். கடைசி இரண்டு கிலோவில் இறுகும். தண்ணீர் ஊற்றும் ஆசையை அடக்குங்கள், ஐந்து நிமிடம் சுற்றினால் இளகிவிடும். மொத்தம் இருபது நிமிடம் வேகமாகச் சுற்றி, நைலான் துணியில் வடிகட்டுங்கள். பிறகு செல்லுலோஸ் கூழ், கடைசியில் எமல்ஷன், மீதி நுரைக்கொல்லி. எமல்ஷன் விழுந்த பிறகு வேகம் குறைவாக இருக்க வேண்டும். வேகத்தில் நுரை ஏறி, காய்ந்த படலத்தில் ஊசித் துளைகளாக நிற்கும். தூள் தண்ணீரைவிட நாலரை மடங்கு கனம் என்பதால் அடியில் படியும். அன்றைக்கு வேண்டியதை அன்றே கலந்து, ஒவ்வொரு முறை ரோலரை முக்கும் முன்பும் அடிவரை கிளறுங்கள்.

முதலில் பலகைச் சோதனை

ஒரு சதுர அடி சிமென்ட் ஃபைபர் பலகை நான்கு. ஒன்று வெறுமனே, ஒன்று சுண்ணாம்பு, ஒன்று கடை வெள்ளை எமல்ஷன் பெயின்ட், ஒன்று உங்கள் பூச்சு (தூள் 100 கிராம், எமல்ஷன் 34 கிராம் போதும்). இரண்டு அங்குலத் தெர்மாகோல் மேல் வைத்து, பகல் 12 முதல் 2 மணி வரை துப்பாக்கியால் அளந்து எழுதுங்கள். காற்றின் வெப்பநிலையை நிழலில் தனியாக அளக்க வேண்டும், வெயிலில் வைத்த வெப்பமானி பொய் சொல்லும். கடைப் பெயின்டைவிட உங்களுடையது தெளிவாகக் குறையவில்லை என்றால் தடிமன் போதவில்லை, அல்லது தூள் மட்டமானது. தளத்தில் கை வைக்காதீர்கள்.

அடிப்பது

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தோது. பாசியும் பழைய சுண்ணாம்பும் போக வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் ஒருபோதும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, அதன் இழை நுரையீரலுக்குக் கேடு. விரிசலை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்பு கோட் முதலில் போடுங்கள். குளிர்பூச்சு மழையைத் தடுக்காது. தட்டோடு பதித்த தளமானால் இணைப்புகளைத் தனியாகப் பாருங்கள், கசிவு அங்கேதான் தொடங்கும்.

மேலே சொன்ன அளவு சுமார் 8.4 லிட்டர் வரும். நான்கு கோட், கோட்டுக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல். ஒரே நாளில் தடிமனாக அடித்தால் வறண்ட ஏரி மண்ணைப் போல வெடிக்கும். காலை ஆறு முதல் ஒன்பது, அல்லது மாலை நாலுக்குப் பிறகு அடியுங்கள். சுட்ட தளத்தில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி, பைண்டர் படலமாகச் சேராமல் தூள் உதிரும். ஒவ்வொரு கோட்டும் குறுக்கு நெடுக்காக மாறட்டும். இரண்டாவது கோட்டிலிருந்து கருப்புக் கண்ணாடி கட்டாயம். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் கண் கூச்சத்தில் கால் தவறும், அந்தப் பக்கத்தைக் கடைசியில் அடிக்காதீர்கள்.

மேலே பளபளப்பாகக் கிளியர் கோட் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். அது காற்றிடைவெளிகளை நிரப்பிவிடும். மழையில் பூச்சு சாம்பல் நிறமாகத் தெரிவதும் அதே காரணத்தால்தான், காய்ந்ததும் வெள்ளை திரும்பும்.

பராமரிப்பில் தூசிதான் எதிரி. தெளிந்த இரவில் தளம் குளிர்ந்து பனி கோத்தால் தூசி அதில் ஒட்டும். கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். கத்திரி வெயில் தொடங்கும் முன் மென்மையான துடைப்பத்தால் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பாசி பார்த்து, தேய்ந்த இடத்தில் ஒரு கோட் போதும். துணி உலர்த்தவும் வடாம் காயவைக்கவும் போகும் பாதையில் இந்தப் பூச்சுக்குப் பதில் வெள்ளை ஓடு பதித்துவிடுங்கள். புதிதாக அடித்த தளத்தின் முதல் சில மழை நீரை மழைநீர்த் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றுங்கள். உதிரும் தூள் வடிகட்டி மணலை அடைத்துவிடும்.