ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு உதவும்போது சபைகள் செய்யும் தவறுகள்

உகாண்டாவிலோ கென்யாவிலோ மலாவியிலோ ஓர் அனாதை இல்லத்தைத் தாங்குகிற சபைகள் உலகெங்கும் ஏராளம். மாதாமாதம் காணிக்கை, கிறிஸ்துமஸுக்குப் புது உடுப்பு, முடிந்தால் வருடம் ஒருமுறை ஒரு குழு நேரில் போய்ப் பார்த்து வருவது. கொடுக்கிறவர்களின் மனதில் குறை இல்லை. பணம் போய்ச் சேருகிற இடத்தில்தான் கோளாறு.

இல்லத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாருமே இல்லை என்று நம்பிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்து கிளைக்கின்றன. இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது. யுனிசெஃப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அனாதைதான். சுவரொட்டியில் இத்தனை லட்சம் அனாதைகள் என்று போடும்போது, அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் அம்மா இருக்கிறாள் என்பதை யாரும் போடுவதில்லை.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2007-ல் சாட் நாட்டில் நடந்ததே போதும். பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த போரில் அனாதையானவர்கள் என்று சொல்லி, 103 பிள்ளைகளை அபேஷே நகரிலிருந்து விமானத்தில் பிரான்சுக்குக் கொண்டுபோகப் பார்த்தது ஒரு பிரெஞ்சு அமைப்பு. ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவைச் சங்கமும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியபோது, 91 பேர் தாங்கள் குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள் என்றார்கள். பெரும்பாலோர் சூடான் பிள்ளைகள்கூட இல்லை, உள்ளூர்ப் பிள்ளைகள். அது கிறிஸ்தவ அமைப்பு அல்ல. ஆனால் காப்பாற்றியே தீருவோம் என்ற அந்த அவசரம் நமக்கும் புதிதல்ல.

அம்மா இருக்கும்போது பிள்ளை ஏன் இல்லத்துக்கு வருகிறது? பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்காகவும் சாப்பாட்டுக்காகவும். உகாண்டாவில் 1997-லும் கென்யாவில் 2003-லும் தொடக்கப் பள்ளிக் கட்டணம் ரத்தானது. ஆனாலும் சீருடை, நோட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் பெற்றோர் தலையில். அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளிச் செலவு. ஊருக்குப் பக்கத்தில் வெளிநாட்டுப் பணத்தில் ஓர் இல்லம் எழும்பி, அங்கே மூன்று வேளைச் சாப்பாடும் ஆங்கிலப் படிப்பும் கிடைக்கும் என்றால், ஏழைத் தாய் என்ன செய்வாள்? பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து விடுவாள். கட்டில்கள் நிரம்பும். தேவை இவ்வளவு இருக்கிறதே என்று நாம் இன்னொரு கட்டடத்துக்குக் காணிக்கை எடுப்போம்.

யாக்கோபு நிருபத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற அந்த வசனம் (1:27) திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. இல்லம் கட்டுகிற ஊழியமோ பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்டு விதவையை வாசலில் நிறுத்திவிடுகிறது.

வீட்டுக்குப் போகிற உதவி வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. மேற்குக் கென்யாவில் மேல்வகுப்புத் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு இலவசச் சீருடை கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பை நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள். பெண் பிள்ளைகளிடையே இளவயதுத் திருமணமும் கர்ப்பமும்கூடக் குறைந்தன. அதே நாட்டில், அனாதைப் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுகிற ஏழைக் குடும்பங்களுக்கு அரசே நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டம் 2004-ல் சோதனையாகத் தொடங்கிப் பிறகு நாடெங்கும் விரிந்தது. எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன ஆண்டுகளில் பேரப்பிள்ளைகளை வளர்த்தவர்கள் பாட்டிகள்தான். தென்மேற்கு உகாண்டாவின் கனுங்கு மாவட்டத்தில் 2001-ல் தொடங்கிய, பள்ளிக்கூடம் நடத்தும் நியாகா அமைப்பு, அதனால்தான் பாட்டிகளுக்கென்றே குழுக்கள் அமைத்தது. ஒரு பாட்டியின் கூரையைச் சரிசெய்து, வளர்க்க இரண்டு ஆடு வாங்கிக் கொடுப்பதற்கு ஆகும் செலவையும் ஒரு பிள்ளையை இல்லத்தில் வருடக்கணக்காக வைத்திருக்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கூரைக்குத் திறப்புவிழா வைத்துப் பெயர்ப்பலகை மாட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

இரண்டாவது தவறு உயிரோடு விளையாடுவது. மன்னிக்கவும், இதை மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் ஊசி போடத் தகுதி இல்லாதவர், விமானத்தில் ஏறி ஆப்பிரிக்காவில் இறங்கிவிட்டால் தகுதி பெற்றுவிடுவதில்லை. கடுமையாக மெலிந்த பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று நிறைய ஊட்டினாலோ, வேகமாகக் குளுக்கோஸ் ஏற்றினாலோ இதயம் தாங்காமல் இறந்துபோகலாம். முதல் சில நாட்களுக்குக் குறைந்த சத்துள்ள பால் கலவையை அளந்து அளந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பது அதனால்தான். உகாண்டாவின் ஜிஞ்சாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மையம் நடத்திய, மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்க ஊழியர் மீது, பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார் 2019-ல் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2020-ல் பணம் கொடுத்துச் சமரசமாக முடிந்தது.

பால் பவுடரும் இந்தக் கணக்கில்தான் வரும். 2006 தொடக்கத்தில் போட்ஸ்வானாவில் பெருமழை பெய்து குடிநீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவியபோது, தாய்ப்பால் இல்லாமல் பவுடர் பாலில் வளர்ந்த குழந்தைகளே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். எச்.ஐ.வி. உள்ள தாயும் முறையாக மருந்து சாப்பிட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே இன்றைய பரிந்துரை. டின் டின்னாக அனுப்பும் முன் அந்த மாவட்டத்து நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊழியப் பயணங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சுவருக்குப் பெயின்ட் அடிக்க அங்கேயே ஆள் இருக்கிறது, அவருக்குக் கூலியும் தேவை. பத்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடுகிறவர்கள் மாறி மாறி வந்தால், பிள்ளை யாரிடமும் நிலையாக ஒட்டக் கற்பதில்லை. முன்பின் தெரியாதவரிடம் ஓடிவந்து தொங்குவதைப் பாசம் என்று நாம் படம் எடுக்கிறோம். படம் என்றதும் இன்னொன்று: பிள்ளையின் பெயர், ஊர், எச்.ஐ.வி. விவரம் மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிடுகிற ஜெபக் கடிதங்கள் இன்னும் வருகின்றன. அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவளாகி அதைப் படிப்பாள். பழைய துணி மூட்டை அனுப்பவே வேண்டாம். மிதும்பா என்று கென்யாச் சந்தைகளில் அது ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, சீருடை தைக்கிற உள்ளூர்த் தையல்காரருக்கு அந்தப் பணம் போகட்டும்.

ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் பணம் அனுப்பித் தாங்குகிற ஸ்பான்சர் திட்டங்களையும் சேர்த்துத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். உகாண்டா, கென்யா உட்பட ஆறு நாடுகளில் கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஸ்பான்சர் திட்டத்தை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, அதில் சேர்ந்த பிள்ளைகள் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்தார்கள் என்றது. அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருந்துகொண்டே உள்ளூர்ச் சபை வழியாக உதவி பெற்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தாங்கிவரும் இல்லத்துக்கு அடுத்த மாதமே பணத்தை நிறுத்திவிடுவதுதான் கடைசித் தவறு. ருவாண்டா 2012-ல் இல்லங்களை மூட முடிவெடுத்தபோது அங்கே 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். யாரையும் தெருவில் விடவில்லை. சமூகப் பணியாளர்கள் ஒவ்வொரு பிள்ளையின் உறவையும் தேடிப் போனார்கள், வீட்டைப் பார்த்தார்கள், பிள்ளை திரும்பிய பிறகும் போய் விசாரித்தார்கள். உறவு கிடைக்காதவர்களுக்கு மலாயிகா முரின்சி, அதாவது காவல் தூதர்கள் என்று பெயரிட்டு வளர்ப்புக் குடும்பங்களைப் பயிற்றுவித்தார்கள். நீங்கள் தாங்கும் இல்லத்தின் பாஸ்டரிடம் முதலில் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள், அவள் எந்த ஊரில் இருக்கிறாள், கடைசியாக எப்போது வந்து பார்த்தாள், பிள்ளை வீட்டுக்குப் போக என்ன குறைகிறது. அந்தக் குறை எதுவோ, அடுத்த வருடக் காணிக்கையின் முதல் பங்கை அதற்கு ஒதுக்குங்கள். கடைசிப் பிள்ளையும் வீடு போய்ச் சேரும்வரை இல்லத்துச் சமையற்கட்டுக்குப் போகிற பணமும் தடைபடக் கூடாது. கட்டடத்தைப் பகல்நேரப் பள்ளியாகவோ கிளினிக்காகவோ பிறகு மாற்றிக்கொள்ளலாம்.