கால் கட்டைவிரல் ஆபரேஷனுக்கு முன் நாங்கள் செய்த தவறுகள்

தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறையின் ஈரப்படியில் இறங்கும்போதெல்லாம் அம்மா பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் இறங்குவாள். கட்டைவிரல் மடங்காது. "வயசானா இப்படித்தாம்ல" என்பாள். இரண்டு வருஷம் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

கட்டைவிரல் வலித்தாலே யூரிக் ஆசிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யூரிக் ஆசிட் என்றால் விரல் பெரும்பாலும் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து, சூடாகி வீங்கும். போர்வை பட்டாலே வலிக்கும். அம்மாவுக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம். அது மெல்ல மெல்ல வரும்: விரல் மேல்பக்கம் மடங்காது, மூட்டின் மேல் எலும்பு புடைக்கும், அடியெடுத்து வைக்கையில் வலிக்கும். இதற்கு வளையும் ரப்பர் செருப்பு ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் மூட்டையும் சேர்த்து மடக்கும். அடி கெட்டியாக, முன்பக்கம் லேசாக மேலெழும்பி, விரல்களுக்கு இடம் விடும் செருப்புதான் வேண்டும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சரி, ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. என்ன ஆபரேஷன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புடைத்த எலும்பைச் செதுக்குவது ஒன்று. மூட்டை ஸ்க்ரூ, பிளேட் வைத்து ஒட்டிவிடுவது இன்னொன்று. ஒட்டினால் வலி போகும், ஆனால் அந்த மூட்டு பிறகு மடங்காது. எலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும், வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும். பீடி, சிகரெட் பிடித்தால் எலும்பு சேருவது தள்ளிப்போகும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணை முன்பே ஆற்ற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது.

நாங்கள் கோட்டை விட்டது வீட்டில்தான். மச்சில் கட்டில், புறவாசலில் குத்தவைக்கும் கக்கூஸ், நடுவில் மூன்று படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம்தான் கட்டிலைக் கீழே தார்சாவுக்கு, அதாவது முன்கூடத்துக்கு, இறக்கினோம், கமோடு நாற்காலிக்கு அலைந்தோம். இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே செய்திருக்கலாம். வாக்கரில் நடந்தும் பழகியிருக்கலாம். காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கத் தலையணை, குளிக்கையில் கட்டு நனையாமலிருக்கப் பெரிய பிளாஸ்டிக் பை, உட்கார ஸ்டூல் எல்லாம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், மெட்டி. கால் வீங்கினால் அது இறுகும், முன்பே கழற்றுங்கள். கல்யாணத்தன்று போட்டது, அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் அப்பாதான் சோப்பு நுரை தடவி, திருகித் திருகிக் கழற்றினார். விரலில் வெளுத்த பள்ளம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பத்திரமா வைங்க, திரும்பப் போடணும்" என்றாள்.